நட்சத்திரத்துக்குக் கிரகணம்

கிரகணம் என்றால் எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் பெரிய அமர்க்களம். ஊறுகாய் ஜாடி முதல் மோர்ப் பானை வரையில் எல்லாவற்றிலும் பாட்டி தர்ப்பையைப் போட்டு வைப்பாள். அந்தப் பாட்டியே ஒரு நாள் நம்மையும் நம் தம்பியையும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், "அதோ பாருங்கள், சந்திரன் ரோகிணியிடம் போகிறான்" என்று காட்டினாள். சந்திரனுடைய இருண்ட ஓரம் மெள்ள நெருங்கிற்று. விளக்கை ஊதி அணைத்தாற்போல் ரோகிணி சட்டென்று மறைந்தாள். நட்சத்திரத்துக்கும் கிரகணம் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டோம். இதற்குப் பஞ்சாங்கம் ஸ்நானமும் தர்ப்பணமும் விதிக்கவில்லையாகையால் நிம்மதியாகப் பார்க்கவும் முடிந்தது.

அந்தச் "சட்டென்று" என்ற சொல்லில் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. சந்திரனைச் சுற்றிக் காற்று மண்டலம் இல்லாததால்தான் நட்சத்திரம் அப்படி மறைகிறது. காற்று மண்டலமுள்ள கிரகம் குறுக்கே வந்தால் ஒளி படிப்படியாக மங்கும். மறைகிற விதத்தைக் கொண்டே மறைப்பவரின் லட்சணத்தை அறிந்துவிடலாம்!

1977-ம் வருஷம் மார்ச் மாதம் 10-ந் தேதி இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் குறுக்கே போக இருந்தது. சூரியனிலிருந்து சுமார் 290 கோடி கிலோ மீட்டர் தூரத்திலுள்ள கிரகம் அது. 1781-ல் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்டுபிடித்தார். அதற்கு ஐந்து உபகிரகங்கள் உண்டு என்ற அளவே அதுவரையில் தெரிந்திருந்தது. ஜேம்ஸ் எலியட் முதலிய அமெரிக்க வான சாஸ்திரிகள் ஆகாய விமானத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இந்து மகா சமுத்திரத்தின் தென் பகுதிக்கு மேலே பறந்தார்கள். நம் ஜவ்வாது மலையில், வாணியம்பாடிக்கு அருகிலுள்ள காவலூரில், ஒரு மீட்டர் விட்டமுள்ள தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு ஜே. ஸி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விழித்திருந்தார்கள்.

கிரகம் கிட்டே வருவதற்கு முன்பே, காவலூரில் நட்சத்திரத்தின் ஒளி சில விநாடி குறைந்து, பழையபடி மீண்டது. குறுக்கே ஏதோ போயிருக்கிறது! இது புதிய உபகிரகம் என்று கருதி, "நேச்சர்" பத்திரிகையில் அவ்விதமே எழுதினார்கள்.

விமானத்தில் இருந்தவர்களோ இன்னும் அதிசயமான காட்சியைக் கண்டார்கள். கிரகம் மறைப்பதற்கு முன்னால் நட்சத்திரம் ஐந்து தரம் மங்கிற்று. மறைத்து விலகிய பிறகும் அதே தூரங்களில், தலைகீழ் வரிசையில், மறுபடி ஐந்து தரம் மங்கிற்று. உபகிரகங்கள் இப்படி இரு புறமும் ஜோடி ஜோடியாகக் காவல் நிற்குமா? நிற்காது. கிரகத்தைச் சுற்றி வளையங்களே இருக்கவேண்டும்.

பட்டாச்சார்யா என்ன செய்தார்? காவலூர் ஆராய்ச்சிசாலையை நிறுவிய வைணு பாப்புவுடன் சேர்ந்து, யுரேனஸுக்குச் சனியைப் போல் வளையங்கள் உண்டு என்று, அதே வருஷத்தில், அதே பத்திரிகையில் எழுதினார். பெரும்பாலும் சில கிலோ மீட்டரே அகலமுள்ள அந்த மெல்லிய வளையங்களை 1986-ல் வாயேஜர்-2 அருகில் சென்று படம் பிடித்தது.

இதைப் படித்தபோது நமக்குச் சற்று வெட்கமாக இருந்தது. காலேஜில் படித்த நாளில், நம் கைப்பெட்டியிலிருந்த ஐந்து ரூபாய் காணாமற் போயிற்று. தம்பி பெட்டியருகில் நின்றதை ஒரு கணம் பார்த்திருந்தோம். அவன்தான் எடுத்தான் என்று தீர்மானித்து, வீடு முழுவதும் பிரகடனமும் செய்துவிட்டோம். மறு மாதம் அந்த நோட்டு நம்முடைய கணக்குப் புஸ்தகத்துக்குள் இருந்தது. காவலூர்க்காரர்கள் தாம் சொன்னதை உலகறியத் திருத்திக்கொள்ள ஒரு வருஷங்கூட ஆகவில்லை. கூடப் பிறந்த தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்ல நமக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

கடைசியில் சொன்னபோது தம்பி சிரித்தான். "நோட்டு அகப்பட்டது அப்போதே தெரியும், அண்ணா. நீயாகச் சொல்வாய் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்" என்றான்.