மருள் செடியும் மஞ்சள் கரையும்

வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கும் செடிகள் தாகத்தால் சாவது குறைவு. நான் பார்த்தவரை, தண்ணீரால் சாவதுதான் அதிகம். தண்ணீர் ஊற்ற மறந்த செடி வாடி நின்று நமக்கு ஞாபகப்படுத்தும். இரண்டு நாள் கவனித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதிகம் ஊற்றிய செடியும் அதே மாதிரிதான் வாடி நிற்கும். நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். சிக்கல் அங்கேதான்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது நான் சிறுபிள்ளை. ஊர் கைமாறினாலும் எங்கள் வகுப்பில் பாடம் பிரெஞ்சிலேயே நடந்தது. இயற்கை விஞ்ஞான வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் ஒரு வேரை வரைந்து, "லே ரசீன் ரெஸ்பீர்" என்று எங்களைச் சேர்ந்து சொல்ல வைப்பார். வேர்கள் மூச்சு விடுகின்றன என்று அர்த்தம். இலைதானே மூச்சு விடும், மண்ணுக்குள் கிடக்கும் வேர் எப்படி விடும் என்று அப்போது எங்களுக்குச் சிரிப்பு. அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, மகன் வேலை பார்க்கும் ஏனாத்தூருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கு வேலைக்கு ஆயிற்று.

எதிர் வீட்டில் ஒரு நெசவாளர் குடும்பம். பட்டு நெய்தவர் போன ஆடி மாதம் காலமாகிவிட்டார். பிள்ளைகள் சென்னையில். அந்த அம்மா மட்டும் தறி இருந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். கார்த்திகையில் ஒரு நாள் கதவைத் தட்டி, "சார், நீங்க செடி கொடியெல்லாம் வச்சிருக்கீங்களே, கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா" என்றார்கள்.

கூடத்து ஜன்னலோரம் ஒரு மருள் செடி. வாள் மாதிரி நிமிர்ந்து நிற்குமே, பாம்புச் செடி என்றும் சொல்கிறார்கள், அதுதான். பிரெஞ்சில் அதற்கு 'லாங் த பெல் மேர்', அதாவது மாமியார் நாக்கு என்று பெயர். நம் ஊர்க் காடுகளில் தானாக வளரும் மருள் வேறு இனம். அதன் நாரில்தான் அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். வீட்டில் வைக்கும் இந்த வகை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அந்த அம்மா வீட்டுச் செடிக்கு நடுவில் பச்சை, இரண்டு ஓரமும் மஞ்சள் கரை.

"அவர்தான் வாங்கிட்டு வந்தாரு சார். 'இதோ பாரு, நம்ம கோர்வைப் புடவையைப் பார்த்து எவனோ செடி பண்ணியிருக்கான்'னு சொன்னாரு. அவரு இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. அவரு போன பிறகு நான் தினம் குளிச்சதும் ஒரு சொம்பு ஊத்தறேன். ஒரு நாள் தவறினதில்லை. அப்படியும் இப்படி ஆயிடுச்சு."

ஏழெட்டு இலைகளில் மூன்று அடியில் கொழகொழத்துச் சாய்ந்திருந்தன. மற்றவையும் வெளிறி நின்றன. தொட்டி பீங்கான், பார்க்க அழகு, அடியில் துளை இல்லை. மூக்கைக் கிட்டே கொண்டு போனால் சாக்கடை வாடை. அது ஒன்றே போதும், வேர் அழுகல் என்று சொல்ல.

வேருக்குக் காற்று வேண்டும். மண் துகள்களுக்கு இடையே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் அந்தக் காற்று இருக்கிறது. தண்ணீர் நிரம்பினால் அந்த இடமெல்லாம் அடைபட்டுப் போகும். காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு பார்த்தால், தேங்கிய தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் மூச்சு முட்டிச் சோர்ந்ததும், பித்தியம், பைட்டோப்தோரா போன்ற கிருமிகள் புகுந்துகொள்ளும். அவற்றின் வித்துக்கள் தண்ணீரில் நீந்தியே வேரைத் தேடி வரக்கூடியவை. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் பைட்டோப்தோரா குடும்பம்தான். நம் பக்கத்தில் இஞ்சிக் கிழங்கையும் வெற்றிலைக் கொடியையும் அழுக வைப்பதும் இந்தக் கூட்டமே. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது.

இவ்வளவையும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. "மழைக்காலத்தில தறிக்குழியில தண்ணி ஊறிட்டா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "கால் வைக்க முடியாதே சார், தறி நின்னுடும்" என்றார்கள். "வேருக்கும் அதேதாம்மா" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார்கள்.

தொட்டியைக் கவிழ்த்துச் செடியை எடுத்தோம். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகினது பழுப்பும் கறுப்புமாக இருந்தது. விரலால் உருவினால் தோல் கழன்று உள்ளே நூல் மாதிரி ஒரு இழை மட்டும் நின்றது. குழாய்த் தண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அழுகினதையெல்லாம் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தேன். வெட்டின இடம் பழுப்பு இல்லாமல் சுத்தமாகத் தெரிகிற வரை வெட்ட வேண்டும். கடைசியில் மிஞ்சியது மூன்று சின்னக் கிழங்குத் துண்டு, நான்கு நல்ல இலை.

இங்கே ஒரு விஷயம். மருளின் இலையை நாலு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி நட்டாலே வேர் விடும். ஆனால் மஞ்சள் கரை போட்ட மருளின் இலையை நட்டால், வருகிற புதுச் செடிக்குக் கரை இருக்காது. வெறும் பச்சையாகத்தான் வரும். அந்த மஞ்சள், இலையின் வெளி அடுக்குத் திசுவுக்கு மட்டும் சொந்தம். இலைத் துண்டிலிருந்து குருத்து கிளம்புவது உள் அடுக்கிலிருந்து. கரையோடு வேண்டுமானால் கிழங்கிலிருந்துதான் குருத்து வர வேண்டும். இதைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கிழங்கைக் காப்பாத்திக் குடுங்க சார்" என்றார்கள்.

மருந்து போடலாமா என்று யோசித்தேன். என் பிரெஞ்சுப் பாடத்தில் வந்த 'புய்யி போர்தலேஸ்' ஞாபகம் வந்தது. போர்தோ நகரத்தில் பேராசிரியராக இருந்த மில்லார்தே, திருடர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் அடித்திருந்ததையும், அந்தக் கொடிகளில் மட்டும் நோய் வராததையும் 1882-ல் கவனித்து, 1885-ல் உலகத்துக்குச் சொன்னார். இன்றைக்கும் நம் விவசாயிகள் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று கலக்குகிற போர்டோ கலவை அதுதான். ஆனால் அது நோய் வராமல் காக்கும், அழுகினதைத் திருப்பித் தராது. ஒரு தொட்டிச் செடிக்கு விஷத் துத்தம் எதற்கு என்று விட்டுவிட்டேன். வேண்டுமென்றால் டிரைக்கோடெர்மா விரிடி பொடியைத் தொழுவுரத்தில் கலந்து போடலாம். அது நன்மை செய்யும் பூஞ்சை. துத்தத்தோடு சேர்த்து மட்டும் போடக்கூடாது, அதுவும் செத்துப்போகும்.

நான் செய்தது இதுதான். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தொட்டு வைத்து, துண்டுகளை ஐந்து நாள் நிழலில் காய விட்டேன். மழை ஈரம் இருந்ததால் மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். வெட்டுவாய் உலராமல் நட்டால் மறுபடி அழுகும். பழைய மண்ணை அப்படியே கொட்டிவிட்டேன். அடியில் துளை உள்ள மண்தொட்டி, செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் இரண்டு பங்கு, ஒரு கைப்பிடி மக்கிய உரம். மண் வெளியே போகாமல் துளை மேல் ஒரு ஓட்டுச்சில்லு. இலைத் துண்டுகளை வளர்ந்த திசையிலேயே நட வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் விடாது. ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

அடுத்து, எப்போது ஊற்றுவது? தினம் ஊற்றிப் பழகின கைக்கு "காய்ந்தால் ஊற்றுங்கள்" என்றால் கணக்கு பிடிபடாது. அதனால் அமாவாசைக்கு ஒரு தரம், பௌர்ணமிக்கு ஒரு தரம், ஐப்பசி கார்த்திகையில் அமாவாசை மட்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தேன். அதற்கும் முன்னால் ஒரு மூங்கில் குச்சியை அடிவரை குத்தி எடுத்து, மண் ஈரமாக ஒட்டினால் அன்றைக்கும் வேண்டாம். அந்த அம்மா யோசித்துவிட்டு, "ஏகாம்பரநாதருக்கே தண்ணி ஊத்தறதில்லையே சார்" என்றார்கள். உண்மைதான். காஞ்சியில் சுவாமி மண் லிங்கம். நீர் அபிஷேகம் ஆவுடையாரோடு சரி. கம்பையில் வெள்ளம் வந்தபோது மண் லிங்கம் கரைந்துவிடுமே என்று அம்பாள் தழுவிக் காத்த தலம் அல்லவா!

குமாஸ்தா புத்தி, நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். கிழங்கில் இரண்டு துண்டு மார்கழிக்குள் அழுகிவிட்டன. இலைத் துண்டுகள் தை கடைசியில் வேர் பிடித்தன. மூன்றாவது கிழங்கு அசையாமல் கிடந்தது. சித்திரையில் ஒரு நாள் காலையில் அந்த அம்மா வாசலில் நின்றே கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சுருட்டின பாய் மாதிரி ஒரு குருத்து, ஓரத்தில் மயிரிழை அளவுக்கு மஞ்சள். வைகாசியில் இலைத் துண்டுகளும் குருத்து விட்டன. அத்தனையும் வெறும் பச்சை. அவற்றை மகன் வீட்டுக்கு ஒன்று, மகள் வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டு, கரை போட்டதை மட்டும் ஜன்னலோரம் வைத்துக்கொண்டார்கள்.

நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிகளுக்குப் பேர் போனது. ஏரிக்குக் கரை கட்டினவன் மிகுதித் தண்ணீர் வழிந்து போகக் கலங்கலையும் சேர்த்துத்தான் கட்டினான். இல்லாவிட்டால் முதல் பெருமழையிலேயே கரை உடைந்துவிடும். உங்கள் வீட்டுத் தொட்டிகளையும் ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். அடியில் துளை இருக்கிறதா, இருந்தால் அடைபட்டிருக்கிறதா, கீழே வைத்த தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று கவனியுங்கள். இலை பழுத்துத் தொங்கினால் சொம்பை எடுப்பதற்கு முன் குச்சியை எடுங்கள்.