பிடித்தம் போனால் கணக்கு முடியாது

22.06.2025, ஞாயிறு

அண்ணன் மகன் ஓசூரிலிருந்து நேற்று இரவு வந்தான். வேலையில் முதல் முழு வருடம் முடித்திருக்கிறான். காலையில் காப்பி குடித்துக்கொண்டே, கம்பெனி அனுப்பிய ஃபார்ம் 16-ஐ போனில் காட்டினான். "வரி பூஜ்யம்னு போட்டிருக்கு அத்தை. அப்போ நான் எதுவும் தாக்கல் பண்ண வேண்டாம்தானே?"

படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நோட்டை எடுத்துப் போட்டுக் காட்டினேன். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சம்பளம் 7,20,000. நிலைக்கழிவு 75,000 போக 6,45,000. புதிய வரிமுறையில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 3,45,000-க்கு 5 சதவீதம், 17,250. வருமானம் 7 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவு இந்தத் தொகையை அப்படியே தள்ளுபடி செய்கிறது. வரி இருக்கிறது, அதைத் தள்ளுபடி செய்ததால்தான் பூஜ்யம். 3 லட்சத்தைத் தாண்டிவிட்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆகவேண்டும், கட்டவேண்டியது ஒன்றுமில்லை என்றாலும்.

கெடு வழக்கமாக ஜூலை 31. இந்த வருடம் படிவங்களை நிறைய மாற்றியதால் செப்டம்பர் 15 வரை தள்ளியிருக்கிறார்கள்.

பிறகுதான் முக்கியமான கேள்வியைக் கேட்டேன். "சம்பளம் தவிர வேற வருமானம் உண்டா?" இல்லை என்றான். அண்ணன் தவறியபோது வந்த இன்ஷூரன்ஸ் பணம் அவன் பெயரில் வங்கியில் வைப்பாகக் கிடக்கிறது. அதன் வட்டி அவனுக்கு நினைவே இல்லை. கையில் வாங்காத வட்டியை யாரும் வருமானமாக எண்ணுவதில்லை. கம்பெனிக்கோ அப்படி ஒரு வட்டி இருப்பதே தெரியாது. ஃபார்ம் 16 ஒருவனுடைய சம்பளத்தைச் சொல்லும், முழு வருமானத்தையும் சொல்லாது.

15.07.2025, செவ்வாய்

பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்குவதைப் பிடிக்க, நேற்று நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியிருக்கிறது. தமிழ்நாடும் அதில் உண்டு.

இரவு அண்ணன் மகனே போன் செய்தான். அவன் அறையில் தங்கியிருக்கும் பையனுக்கு ஓர் ஏஜெண்ட் முந்தியே ரிட்டர்ன் போட்டுவிட்டாராம். கொடுக்காத வாடகை, ஏதோ ஒரு கட்சிக்கு நன்கொடை என்று காட்டி, பிடித்த வரியெல்லாம் திரும்ப வரும், வருவதில் எனக்கு ஒரு பங்கு என்று பேச்சாம். பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கிறதாம்.

கேட்டதும் வயிறு எரிந்தது. ரிட்டர்னில் இருப்பது அந்தப் பையனின் பான் எண், அவன் பெயர், அவன் உறுதிமொழி. நோட்டீஸ் அவனுக்குத்தான் வரும். வருமானத்தைப் பொய்யாகக் காட்டியது நிரூபணமானால், குறைத்துக் காட்டிய வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நியாயமான கழிவுகளுக்கா பஞ்சம்? பழைய முறையில் பி.எஃப்., எல்.ஐ.சி., பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 80சி-யில் 1,50,000 வரை கழிக்கலாம். உண்மையில் வாடகை கொடுப்பவர் அதையும் காட்டலாம். ரசீதோடு காட்டுவதற்குப் பயமே வேண்டாம். திருத்திய ரிட்டர்ன் போட டிசம்பர் 31 வரை அவகாசம் உண்டு, உடனே சொல் என்றேன்.

10.08.2025, ஞாயிறு

அண்ணன் மகனும் நானும் வீடியோ காலில் அவன் தாக்கலை முடித்தோம். முடித்தோம் என்ன, அவன்தான் செய்தான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்ட்டலில் கொடுத்த செல் எண்ணும் மின்னஞ்சலும் அவனுடையதுதானா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். ஏஜெண்ட் எண்ணைக் கொடுத்துவிட்டு, துறை அனுப்பும் கடிதம் எதையும் பார்க்காமலே இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்ததும் பையன் அசந்துபோனான். வைப்பு வட்டி 45,000, சேமிப்புக் கணக்கு வட்டி 2,100 என்று துறைக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. வட்டி 40,000-ஐத் தாண்டியதால் வங்கி 10 சதவீதம், 4,500 ரூபாய் பிடித்து அவன் பான் எண்ணில் கட்டியும் இருக்கிறது.

இனி அவன் கணக்கு: 6,45,000-உடன் 47,100. மொத்தம் 6,92,100. இன்னும் 7 லட்சத்துக்குள்தான். வரி 19,605, முழுவதும் தள்ளுபடி. ஆகவே வங்கி பிடித்த 4,500 அவனுக்குத் திரும்ப வரவேண்டும். ரிட்டர்ன் போடாமல் இருந்திருந்தால் அந்தப் பணத்தைக் கேட்க வழியே இல்லை. கட்டியதற்கு மேல், வட்டியைத் தவிர, யாருக்கும் ரீஃபண்ட் வராது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளையிடம் எந்த ஏஜெண்டின் பேச்சும் எடுபடாது.

ஐடிஆர்-1, அதாவது சகஜ் படிவமே போதும். சம்பளம், வட்டி, 50 லட்சத்துக்குள் வருமானம் என்றால் பெரும்பாலும் அதுதான். கடைசியில் சமர்ப்பித்துவிட்டு மூடப் போனான். "நில்லுடா, இன்னும் முடியல" என்றேன். ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்க்க வேண்டும். 30 நாளுக்குள் அதைச் செய்யாவிட்டால் தாக்கல் செய்ததாகவே ஆகாது.

அண்ணிக்குக் குடும்ப ஓய்வூதியம் 3 லட்சத்துக்குள்தான். அவளுக்குத் தாக்கல் தேவையில்லை.

15.09.2025, திங்கள்

கடைசி நாள். போர்ட்டல் திணறுகிறது என்று காலையிலிருந்து ஒரே புலம்பல். கெடு தவறினால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம்; வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. வரி பாக்கி இருந்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி வேறு.

அவனுக்கு 4,500 வந்துவிட்டது. கூட இருந்த பையனும் பொய்க் கழிவுகளை எடுத்துவிட்டுத் திருத்திய ரிட்டர்ன் போட்டு, மீதி வரியை வட்டியோடு கட்டிவிட்டானாம். நிம்மதியாக இருந்தது.

"அடுத்த வருஷம் 12 லட்சம் வரைக்கும் வரி இல்லையாமே அத்தை, இந்த வேலையே இருக்காதே" என்றான். இருக்கும். அந்த 12 லட்சமும் 87ஏ தள்ளுபடியால் வருவதுதான். வரியில்லாத முதல் படி 4 லட்சம். இவன் சம்பளம் அதைத் தாண்டியது. 2026-லும் தாக்கல் உண்டு என்று சொல்லி, வங்கியிலிருந்து வட்டிச் சான்றிதழை ஏப்ரலிலேயே வாங்கிவைக்கச் சொன்னேன்.