வாசலில் கழற்றி வைக்கும் பூட்ஸ்

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையம். அங்கே வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியரை எஸ்டேட் லைன் வீடுகளில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் நர்சம்மாதான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசாங்கக் கணக்கு. தலைக்கணக்கு குறைவுதான். ஆனால் அந்த 3,000 பேரும் நாலு மேட்டிலும் ஐந்து பள்ளத்திலும் சிதறி இருப்பார்கள். அவர் போக வேண்டிய பக்கம் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதனால் கணவரின் பழைய 110 சிசி பைக்கை ஓட்டக் கற்றுக்கொண்டார். தார் ரோடு முடிகிற இடம் வரை பைக். அதற்கப்புறம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, கல் படிக்கட்டு, நடை.

தலையில் ஹெல்மெட் இல்லாமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. காலைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை. பத்து வருஷமாக அவர் காலில் இருந்தது ரப்பர் செருப்பு. மழை பெய்தால் நனையாது, வீட்டு வாசலில் உதறிவிட்டு உள்ளே போகலாம் என்பது அவர் சொல்லும் காரணம்.

அன்று ஐப்பசி மழை. கூடலூர், தேவாலா பக்கம் ஆனி, ஆடியில் கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஒரு வளைவில் தைல மரத்து இலைகள் நனைந்து ரோட்டோடு ஒட்டிக் கிடந்தன. வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் போயிருக்கும். முன்சக்கரம் வழுக்கியதும், எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். இடது காலை ஊன்றினார். செருப்பு பறந்துபோனது. நூறு கிலோ வண்டி சாய்ந்து, ஃபுட்ரெஸ்ட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே கணுக்கால் மாட்டிக்கொண்டது. வெளிக் கணுக்கால் எலும்பில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

வலியைவிட அவரை அரித்தது வேறு விஷயம். லைன் வீட்டில் ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். ரத்த அழுத்தம் பார்க்க வாரா வாரம் போய்வந்த வீடு. கட்டுப் போட்ட காலோடு போனில் விசாரிக்க மட்டும்தான் முடிந்தது. பிரசவம் நல்லபடியாக நடந்தது. இருந்தாலும், "நீங்க வருவீங்கன்னு வாசலையே பார்த்துட்டு இருந்தேன் நர்சம்மா" என்று அவள் சொன்னது மனசில் தைத்துவிட்டது.

கட்டு பிரித்த அன்று வீட்டில் பஞ்சாயத்து கூடியது. "இனிமே அந்த வண்டி வேண்டாம்மா. கிடைக்கிற பஸ்ல போ, முடிஞ்ச வீட்டுக்குப் போ" என்றார் மாமியார். கணவர் வாயைத் திறக்கவில்லை. முடிந்த வீட்டுக்கு மட்டும் போனால் முடியாத வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நர்சம்மா திருப்பிக் கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் மாமியாரே ஒரு நிபந்தனை போட்டார்: "அப்படின்னா மொதல்ல காலுக்கு ஏதாவது பண்ணு."

முதலில் வாங்கியது கடைவீதியில் கிடைக்கும் கம்பூட்ஸ். கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லாரும் போடுவதுதான். சேற்றுக்கும் அட்டைக்கும் அதை மிஞ்ச ஒன்றில்லை. வண்டிக்கு அது ஆகவில்லை. காலைப் பிடித்துக்கொள்ளாத தொளதொள பூட்ஸ், விழுந்தால் செருப்பைப் போலவே கழன்றுவிடும். கணுக்கால் பக்கம் வெறும் ரப்பர் ஒரு சுற்று, அவ்வளவுதான். மேல் வழியாக மழை இறங்கிவிட்டால், நாள் முழுக்கக் குட்டைக்குள் நடப்பது போல இருக்கும்.

அடுத்து, ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தம்பி ஒரு ஜோடி சேஃப்டி ஷூ கொண்டுவந்தான். ஐ.எஸ். 15298 முத்திரை போட்டது. விரல் பக்கத்து இரும்புத் தொப்பி 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும் என்பது அந்தத் தர நிர்ணயம். ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. விரலுக்கு நல்ல காவல். ஆனால் அவருக்கு அடிபட்டது விரலில் இல்லை, கணுக்காலில். அந்த ஷூ கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கனத்த மூக்கு கியர் லீவருக்கு அடியில் நுழையவும் மறுத்தது. மார்கழிக் காலையில் உறைபனி படிந்த புல்லில் நடந்தால் இரும்பு ஜில்லென்று விரலைக் கடித்தது.

கோயம்புத்தூரில் படிக்கும் அக்கா மகன், "சித்தி, இதைப் போட்டுப் பாருங்க" என்று தன்னுடைய ரேஸ் பூட்ஸை நீட்டினான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும் கவசம். பத்தடி நடப்பதற்குள் ரோபோ போல ஆகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு 60 படி இறங்குவதற்குப் பேசாமல் உருண்டுவிடலாம் என்று வீடே சிரித்தது.

சிரித்து முடித்த பிறகுதான் அவருக்குத் தன் தேவை தெளிவானது. ஒரு தாளில் எழுதினார். கணுக்காலின் இரு பக்கமும் காவல் வேண்டும். விழுந்தால் கழலக் கூடாது. நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஈரக் கல்லில் வழுக்கக் கூடாது. கடைசியாக, எந்தக் கடைக்காரரும் யோசிக்காத ஒன்று: ஒரு நாளைக்குப் பத்து வீட்டு வாசலில் கழற்றி மாட்ட வேண்டும்.

அந்தத் தாளோடு கோயம்புத்தூரில் ரைடிங் கியர் விற்கும் கடைக்குப் போனார். கணுக்காலுக்குச் சற்று மேலே வரை வரும் குட்டை ரைடிங் பூட்ஸ் என்று ஒரு வகை இருப்பதே அங்கேதான் தெரிந்தது. வெளியே பார்த்தால் மலையேறுகிறவர்களின் ஷூ மாதிரி இருக்கும். கணுக்கால் இரண்டு பக்கமும் உள்ளே திண்டு, குதிகாலைச் சுற்றிக் கெட்டியான கிண்ணம், விரல் பக்கம் வலுவூட்டல், கியர் லீவர் உரசும் இடத்தில் கூடுதல் தோல்.

பைக் ஓட்டுகிறவர்களின் காலணிக்கென்றே ஐரோப்பாவில் ஈ.என். 13634 என்றொரு தரம் உண்டு. அதில் தேறிய பூட்ஸின் லேபிளில் பைக் படமும் கீழே நாலு எண்களும் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதல் எண் உயரம், இரண்டாவது ரோட்டில் தேய்வதைத் தாங்கும் திறன், மூன்றாவது வெட்டுப்படுவதைத் தாங்கும் திறன், நாலாவது பக்கவாட்டில் நசுங்காமல் தாங்கும் திறன். குட்டை பூட்ஸில் முதல் எண் 1 என்றிருந்தால் குறை என்று நினைக்க வேண்டாம். உயரம் குறைவு, அவ்வளவுதான். வண்டி காலின் மேல் விழுகிற பயம் இருப்பவர்கள் நாலாவது எண்ணைப் பார்க்க வேண்டும். கூடவே ஐ.பி.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் கணுக்கால் திண்டும் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். டபிள்யூ.ஆர். என்றால் தண்ணீர் தாங்குவது.

லேபிளே இல்லாத பூட்ஸைக் கையாலும் ஓரளவு எடைபோடலாம் என்று கடையில் இருந்த பையன் காட்டினான். அடிப்பாகத்தின் அகலமான இடத்தை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்க வேண்டும். சுருண்டால், வண்டி விழும்போது காலும் சுருளும். விரல் பக்கம் மேல்நோக்கி மடங்க வேண்டும். அப்போதுதான் நடக்க முடியும். குதிகால் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. ஒரே பூட்ஸ் நீளவாக்கில் மடங்கி, அகலவாக்கில் முறைக்க வேண்டும். நடைக்கும் காவலுக்கும் நடுவே உள்ள சூட்சுமம் அதுதான்.

சைஸ்தான் இழுத்தடித்தது. அவர் கால் 37. கடையில் இருந்ததெல்லாம் 40-க்கு மேல், ஆண்களுக்கானவை. ஆர்டர் போட்டு இரண்டு வாரம் கழித்து 38 வந்தது. மலைக்குப் போடும் கம்பளி சாக்ஸை மாட்டிக்கொண்டு, கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போட்டுப் பார்த்தார். கடை மாடிப்படியில் ஏறி இறங்கினார். குதிகால் மேலே எழும்பவில்லை, இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து கியர் போட்டுப் பார்த்தார். லேஸுக்குக் கூடவே பக்கத்தில் ஒரு ஜிப். லேஸை ஒரு தடவை அளவாகக் கட்டி, நுனியை உள்ளே செருகிவிட்டால் போதும். அது லீவரில் மாட்டாது. அப்புறம் எல்லாம் ஜிப்தான். பத்து வாசலுக்கும் வழி பிறந்தது.

விலை ஏழாயிரத்துக்கு மேல். மூன்று நாள் யோசித்தார். அந்த ஆறு வாரத்தில் எக்ஸ்ரே, கட்டு, ஆட்டோ என்று போன தொகையைக் கணவர் ஒரு காகிதத்தில் கூட்டி மேஜையில் வைத்தார். வாங்கிவிட்டார்கள்.

பழகின பிறகுதான் சில பாடங்கள். மழைப் பேன்ட்டை பூட்ஸுக்கு உள்ளே செருகினால் தண்ணீர் நேராகக் காலுக்கு இறங்கும். வெளியே விட வேண்டும். தண்ணீர் புகாத பூட்ஸ் உள்ளே நனைந்தால் காயவும் நாளாகும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும். பழைய செய்தித்தாளைத் திணித்து, நனைந்ததும் மாற்றி மாற்றி வைப்பதுதான் வழி. மழைக்காலத்தில் இரண்டு நாள் கவனிக்காவிட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். துடைத்து, மெழுகு பாலிஷ் போட வேண்டும். வாசலில் வைத்த பூட்ஸைத் திரும்ப மாட்டுமுன் உதறிப் பார்க்க வேண்டும், உள்ளே அட்டை காத்திருக்கும்.

பூட்ஸ் இருக்கிறது என்று வேகத்தைக் கூட்டவில்லை. இறக்கத்தில் சின்ன கியர், வளைவுக்கு முன்பே பிரேக், நனைந்த இலையைக் கண்டால் ஓரம். இத்தனைக்கும் பிறகு போன ஆனி மாதம் ஒரு சேற்றுத் திருப்பத்தில் வண்டி மறுபடியும் இடது பக்கம் சாய்ந்தது. கால் அடியில் மாட்டியது. மேலே இருந்த தேயிலையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். பூட்ஸின் வெளிப்பக்கத்தில் ஒரு நீளக் கீறல். காலில் கொஞ்சம் வலி, இரண்டு நாளில் சரியானது. அன்றைக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் ஏழு. ஏழையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

அதில் ஒரு வீடு, அன்று வாசலைப் பார்த்துக் காத்திருந்த அந்தப் பெண்ணுடையது. தடுப்பூசி போட்டுவிட்டு வெளியே வந்தால், அவளுடைய குழந்தை ஒரு பூட்ஸுக்குள் கையை விட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பாட்டியின் கம்பூட்ஸ், அம்மாவின் கம்பூட்ஸ், இன்னொரு கீறல் விழுந்த பூட்ஸ்.

"குடுத்துடு சாமி, நர்சம்மா இன்னும் நாலு வீடு போகணும்" என்றாள் பாட்டி.