நான்கு இருக்கைகளின் கணக்கு

பேஸ்பால் அணி கட்டுகிறவர்களின் நேரத்தில் பெரும்பகுதி தொடக்க ஒன்பது பேரையும் முதல் ஐந்து பிட்ச்சர்களையும் தேடுவதிலேயே போய்விடுகிறது. பெஞ்சுக்கு ஆள் பிடிப்பது மார்ச் கடைசியில், பயிற்சி முகாம் முடியும் தறுவாயில், மிச்சமிருக்கும் பெயர்களை வைத்து நடக்கும் வேலை. பத்தாவது நல்ல மட்டையாளர், பதினோராவது நல்ல மட்டையாளர் என்று வரிசையில் அடுத்தடுத்து நிற்பவர்களை எடுத்துப் போட்டால் பெஞ்ச் தயார் என்கிற நினைப்பு எங்கள் தொழிலில் இன்னும் போகவில்லை. அந்த நினைப்போடுதான் எனக்குச் சண்டை. தொடக்க ஒன்பது பேரில் ஒருவரைப் போலவே ஆடி, அவரைவிடக் கொஞ்சம் குறைவாக ஆடுகிற ஒருவரைப் பெஞ்சில் வைத்துக்கொள்வதால் ஆட்டத்தின் கடைசி மூன்று இன்னிங்ஸில் மேனேஜருக்கு ஒரு பயனும் இல்லை. வெளியே உட்காருகிறவரிடம் உள்ளே ஆடுகிறவர்களில் யாரிடமும் இல்லாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். மற்றெல்லாவற்றிலும் அவர் பின்தங்கியிருந்தாலும் பாதகமில்லை.

இதைச் சொல்ல விதிகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பேஸ்பாலில் ஒருமுறை வெளியே வந்தவர் அன்றைய ஆட்டத்துக்குள் திரும்ப முடியாது. கிரிக்கெட்டின் பன்னிரண்டாவது ஆள் கொஞ்ச நேரம் ஃபீல்டிங் செய்துவிட்டுப் போய்விடுவார், மட்டை பிடிக்க மாட்டார். பேஸ்பாலில் உள்ளே போகிறவர் யாருடைய இடத்தில் போனாரோ அவருடைய பேட்டிங் முறையும் அவர் தலையில் விழும். ஓர் ஆளைச் செலவழித்தால் அன்றைக்கு அவர் செலவானதுதான். மேஜர் லீகில் 2020 முதல் பட்டியலில் 26 பேர். அவர்களில் பிட்ச்சர்கள் 13 பேருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது, அநேகமாக எல்லா அணிகளும் அந்த வரம்பைத் தொட்டே நிற்கின்றன. மிஞ்சும் 13 பேரில் ஒன்பது பேர் ஆட, பெஞ்சுக்கு நான்கு பேர். நான்கில் ஒருவர் கட்டாயம் இரண்டாவது கேட்ச்சர். முதல் கேட்ச்சரின் விரலில் பந்து பட்டுவிட்டால் அந்த வேலைக்கு வேறு யாரையும் நிறுத்த முடியாது என்ற பயத்தில் மேனேஜர் அவரைக் கடைசிவரை தொட மாட்டார். ஆக, உண்மையில் கையில் இருப்பது மூன்றே இடம். எழுபதுகளில் பால்டிமோர் ஓரியோல்ஸை நடத்திய எர்ல் வீவருக்குப் பட்டியலில் 25 பேர்தான் என்றாலும், அன்று ஒன்பது பத்து பிட்ச்சர்களே போதும் என்பதால் பெஞ்சில் ஆறு பேர் இருப்பார்கள். இன்றைக்கு நான்கே பேர்.

இடம் சுருங்கியதைப் போலவே வேலையும் மாறிவிட்டது. 2022-க்கு முன், இடையில் 2020 ஒன்றைத் தவிர, நேஷனல் லீகில் பிட்ச்சரும் மட்டை பிடித்தாக வேண்டும். ஏழாவது இன்னிங்ஸில் அவருடைய முறை வரும்போது அவருக்குப் பதில் யாரை அனுப்பினாலும் லாபம்தான், ஏனென்றால் மேஜர் லீகில் பிட்ச்சரைவிட மோசமாக அடிக்கும் மட்டையாளர் கிடையாது. சுமாரான நகல்களும் அந்தக் காலத்தில் பிழைத்துக்கொண்டன. 2022 முதல் இரண்டு லீகிலும் பிட்ச்சருக்குப் பதில் அடிப்பதற்கென்றே ஒருவர் வரிசையில் இருக்கிறார். இனி பிஞ்ச் ஹிட்டர், அதாவது இடையில் மாற்றாக மட்டை பிடிக்க வருபவர், எவரேனும் ஒரு நிஜ மட்டையாளரின் இடத்தில்தான் இறங்க முடியும். அந்தக் கணத்தில், அந்தப் பிட்ச்சருக்கு எதிராக, அவரைவிட இவர் மேல் என்று இருந்தால்தான் மாற்றத்துக்கே அர்த்தம். எல்லா வகையிலும் ஒரு படி குறைந்தவர் எந்தக் கணத்திலும் மேலாக இருக்கப்போவதில்லை. பிட்ச்சர்கள் மட்டை பிடிப்பதை விட்ட பிறகு பெஞ்சின் முக்கியத்துவம் போய்விட்டது என்கிறவர்கள் இதே விதியைத்தான் சான்று காட்டுகிறார்கள். மாற்றங்களின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் மிஞ்சியிருக்கிற ஒவ்வொரு மாற்றமும் கட்டாயத்தால் வராமல் யோசித்து எடுக்கும் முடிவாகிவிட்டது. அப்படிப்பட்ட முடிவுக்கு வேறுபட்ட ஆள் வேண்டும்.

2004-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் செய்ததை இதற்கு முழுமையான பாடமாக வைக்கலாம். ஜூலை 31, வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள். நட்சத்திர ஷார்ட்ஸ்டாப் நோமார் கார்சியாபாராவைக் கொடுத்துவிட்ட அதிர்ச்சியைத்தான் ஊர் முழுக்கப் பேசியது. அதே நாளில் பெஞ்சுக்கு இரண்டு பேர் வந்து சேர்ந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. முதல் பேஸில் பந்து பிடிப்பதில் வல்லவரான டக் மின்கேவிச் கார்சியாபாரா ஒப்பந்தத்திலேயே வந்தார். டேவ் ராபர்ட்ஸை ஒரு மைனர் லீக் வீரரைக் கொடுத்து டாட்ஜர்ஸிடமிருந்து வாங்கினார்கள். ராபர்ட்ஸ் பெரிய அடிகாரர் அல்ல. ஆனால் அந்த ஆண்டு 38 பேஸ்களைத் திருடி மூன்றே முறை அகப்பட்டவர். பாஸ்டன் அணியோ அடித்து நொறுக்கும் அணி, கால் வேகம் கிடையாது. அக்டோபர் 17 அன்று யாங்கீஸிடம் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் 0–3, ஆட்டத்தில் 3–4 என்று பின்தங்கியிருந்தபோது, ஒன்பதாவது இன்னிங்ஸில் மரியானோ ரிவேராவிடம் கெவின் மில்லார் வாக் வாங்கி முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதில் ஓட ராபர்ட்ஸ் வந்தார். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து பயமுறுத்தினார். அடுத்து மட்டையாளருக்குப் போட்ட முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடினார், பில் மியூலர் அடித்த அடியில் சமநிலை ரன் எடுத்தார். (2023-இல் வந்த விதிப்படி மூன்றாவது எறிதலில் ஆளைப் பிடிக்காவிட்டால் பேஸ் இனாமாகவே கிடைத்துவிடும். ராபர்ட்ஸுக்கு ஓடும் சிரமமே இருந்திருக்காது.) மறுநாளும் மில்லாருக்குப் பதில் அவரே ஓடினார், அன்றும் சமநிலை ரன் அவருடையது. அங்கிருந்து பாஸ்டன் வரிசையாக எட்டு ஆட்டங்களை வென்று 1918-க்குப் பிறகு முதல் பட்டத்தை எடுத்தது. அந்த போஸ்ட்சீசன் முழுவதிலும் ராபர்ட்ஸ் ஒரு தடவைகூட மட்டை பிடிக்கவில்லை. அவருடைய இடத்தில் சராசரியில் கொஞ்சம் மேலான இன்னொரு மட்டையாளர் உட்கார்ந்திருந்தால், அந்த ஒன்பதாவது இன்னிங்ஸில் அவரால் செய்ய ஒன்றும் இருந்திருக்காது.

மட்டையிலும் இதே நியாயம்தான். இடதுகை மட்டையாளருக்கு வலதுகைப் பிட்ச்சரின் பந்து நன்றாகத் தெரியும், வலதுகை மட்டையாளருக்கு இடதுகைப் பிட்ச்சரின் பந்து. நூறு ஆண்டுகளாக எல்லாரும் அறிந்த விஷயம் இது. வீவர் இதை வைத்தே ஒரு நட்சத்திரத்தை உருவாக்கினார். இடதுகை ஜான் லோவென்ஸ்டீன், வலதுகை கேரி ரோனிக் என்று இரண்டு பேர். தனித்தனியே எடுத்தால் யாரும் விலை கொடுத்து வாங்கத் துடிக்கும் ஆட்கள் இல்லை. எந்த மட்டையாளர் எந்தப் பிட்ச்சரிடம் என்ன செய்தார் என்று அட்டைகளில் குறித்து வைத்துக்கொண்டு, வீவர் அவர்களை மாற்றி மாற்றி இறக்கினார். 1982-இல் லோவென்ஸ்டீன் 24 ஹோம் ரன், ரோனிக் 21. இருவரையும் ஒரே ஆளாகப் பார்த்தால் 45 ஹோம் ரன் அடித்த ஆள். இதன் இன்னொரு பலனை நான் அதிகம் மதிக்கிறேன். அன்று ஆடாதவர் நாளை ஆடுவார் என்பதால் பெஞ்சில் இருக்கும் கை துருப்பிடிப்பதில்லை. 2020-இல் வந்த இன்னொரு விதியும் இந்த முறைக்குத் துணை நிற்கிறது. ஆட்டத்துக்குள் வரும் பிட்ச்சர் குறைந்தது மூன்று மட்டையாளர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது அந்தப் பாதி இன்னிங்ஸை முடிக்க வேண்டும். முன்பெல்லாம் நீங்கள் இடதுகைக்காரரை அனுப்பினால் எதிராளி உடனே பிட்ச்சரை மாற்றி உங்கள் ஆளை வீணாக்குவார். இப்போது புதிதாக வந்த பிட்ச்சரை அப்படி உடனே எடுத்துவிட முடியாது.

இங்கே கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அடிக்கிறவர் தன் வழக்கமான திறமையில் அடிப்பதில்லை. டாம் டேங்கோவும் சகாக்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், எதிரே வரும் பிட்ச்சரின் தரத்தைக் கழித்துப் பார்த்தாலும் இந்தச் சரிவு மிஞ்சுவதைக் காட்டினார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து, அதுவரை நேரில் சந்திக்காத பிட்ச்சரிடம் ஒரே ஒரு முறை மோதுகிறவருக்கு அது இயல்புதான். ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்தே பின்னால் இருக்கும் வலைக்குப் போய் இயந்திரத்தின் பந்துகளை அடித்துப் பழகுவது அதற்காகத்தான், அதுவும் முழு மருந்தில்லை. அப்படியானால் மாற்றமே வேண்டாமே என்று கேட்கலாம். எனக்கு இந்த ஆய்வு எதிர்த்திசையில் பேசுகிறது. சரிவு நிச்சயம் என்றால், அதை ஈடுகட்டிய பிறகும் லாபம் மிஞ்சும் அளவுக்கு ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும். ஒரே கைக்காரர்கள் இருவரை, கிட்டத்தட்ட ஒரே தரத்தில் வைத்துக்கொண்டு மாற்றுகிற மேனேஜர் நட்டப்படுகிறார். வலதுகைப் பிட்ச்சர் எதிரே நிற்கும்போது பலவீனமான வலதுகை மட்டையாளரை எடுத்துவிட்டு மேட் ஸ்டெயர்ஸைப் போன்ற ஒரு இடதுகைப் பலசாலியை அனுப்புகிறவருக்குச் சரிவு போக மீதியும் கிடைக்கும். 2008 ஆகஸ்ட் கடைசியில் ஃபிலடெல்ஃபியா ஸ்டெயர்ஸை வாங்கியது. அக்டோபரில் டாட்ஜர்ஸுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் அந்த ஆட்டத்தை வென்றது. பிஞ்ச் ஹிட்டராக மட்டும் 23 ஹோம் ரன் என்ற அவருடைய சாதனை, இதையே தொழிலாகப் பழகலாம் என்பதற்கும் சாட்சி.

இன்னொரு ஆட்சேபத்தை அணி அலுவலகங்களில் அடிக்கடி கேட்கலாம். 162 ஆட்டம், ஆறு மாதம். காயம் வராமல் இருக்காது. அப்போது நகல்தானே வேண்டும்? வேண்டும், ஆனால் அவருக்கு உரிய இடம் பெஞ்ச் அல்ல. 2019-இல் நியூயார்க் யாங்கீஸ் 30 வீரர்களைக் காயப் பட்டியலில் போட வேண்டி வந்தது, அதுவரை எந்த அணியும் காணாத எண்ணிக்கை. அப்படியும் 103 ஆட்டங்களை வென்றார்கள். முந்தைய ஆகஸ்டில் வெறும் பணத்துக்கு டொராண்டோவிடமிருந்து வாங்கிய ஜியோ உர்ஷேலா, மூன்றாவது பேஸ்காரர் மிகேல் அந்தூஹார் காயம்பட்டதும் அந்த இடத்தைப் பிடித்து .314 சராசரியும் 21 ஹோம் ரன்னும் தந்தார். அவர் சீசனைத் தொடங்கியதே மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ-வில்தான். அங்கே ஒருவர் தினமும் ஆடுகிறார், நாலு முறை மட்டை பிடிக்கிறார், அழைப்பு வந்தால் சூடான கையோடு வருகிறார். அந்த 26 பேரையும் உள்ளடக்கிய நாற்பது பேர் பட்டியலில் இருப்பவரை மூன்று சீசன்கள் மேலும் கீழும் அனுப்ப விதி இடம் தருகிறது. இந்த மாதத்துக்கான ஆள் கீழே இருக்கட்டும், இன்றிரவுக்கான ஆள் மேலே இருக்கட்டும் என்பது என் பிரிவினை. வளரும் இளைஞர்களைப் பெஞ்சில் உட்கார வைத்துக் கெடுப்பதும் இதனால் நிற்கும். பெஞ்ச் முப்பது வயதைத் தாண்டி, தன் ஆட்டத்தில் எது உண்டு எது இல்லை என்று தெரிந்தவர்களுக்கு உரியது.

மூன்று இடத்தில் இத்தனை வித்தியாசத்தை எப்படி அடைப்பது? ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கக்கூடியவரால் இரண்டாவது, மூன்றாவது பேஸிலும் நிற்க முடியும். சென்டர் ஃபீல்டில் ஓடக்கூடியவரால் இரு ஓரங்களையும் பார்த்துக்கொள்ள முடியும். மறுதலை நடக்காது. ஆகவே கடினமான இடத்தைத் தெரிந்தவரை எடுத்தால் மற்றவை கூடவே வரும். இதைக் கவனிக்கச் சிறந்த ஆட்டம் 2016 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். சிகாகோ கப்ஸ் மூன்று கேட்ச்சர்களை வைத்திருந்தது, அதனால் மேனேஜருக்குக் கேட்ச்சரைத் தொடும் பயம் இல்லை. மூவரும் அன்று ஆடினார்கள். டேவிட் ராஸ் ஹோம் ரன் அடித்தார், பத்தாவது இன்னிங்ஸில் மிகேல் மொன்டேரோ ஒரு ரன்னை உள்ளே கொண்டுவந்தார். அதே இன்னிங்ஸில் கைல் ஷ்வார்பருக்குப் பதில் ஓடிய ஆல்பர்ட் அல்மோரா, ஆழத்தில் பிடிக்கப்பட்ட பந்தில் முதல் பேஸிலிருந்து இரண்டாவதற்கு ஓடினார். மெதுவான ஷ்வார்பர் அதற்குத் துணிந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. பென் சோப்ரிஸ்ட் அடித்ததும் அல்மோரா முன்னணி ரன்னாக வந்து சேர்ந்தார். எதிர்ப்பக்கம் க்ளீவ்லாந்து ஒன்பதாவது இன்னிங்ஸில் கோகோ கிரிஸ்பை எடுத்துவிட்டு, நல்ல எறிகை உள்ள மைக்கேல் மார்டினெஸை அவுட்ஃபீல்டுக்கு அனுப்பியிருந்தது. ஒரு ரன் பின்தங்கி, இரண்டு அவுட் ஆன நிலையில், கிரிஸ்ப்புக்கு உரிய பேட்டிங் முறை மார்டினெஸிடம் வந்தது. வாழ்நாள் சராசரி .200-ஐத் தொடாதவர். அவர் தரையில் உருட்டிய பந்தோடு சீசன் முடிந்தது. அந்த மாற்றத்தைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு திறமை உள்ளவருக்குப் பின்னால் இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும் என்பது அங்கே தெரிகிறது.

பெஞ்சைப் பெரிதுபடுத்தவும் எனக்கு விருப்பமில்லை. 2021-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் இந்த முறையை எல்லை வரை கொண்டுபோனது. மேனேஜர் கேப் கேப்லர் 2004 பாஸ்டன் பெஞ்சில் இருந்தவர். பிஞ்ச் ஹிட்டர்கள் மட்டும் 18 ஹோம் ரன் அடித்து மேஜர் லீக் சாதனை படைத்தார்கள், அணி 107 ஆட்டங்களை வென்றது. பிளேஆஃபில் அதை வெளியேற்றிய டாட்ஜர்ஸின் மேனேஜர் அதே பெஞ்சின் டேவ் ராபர்ட்ஸ். மறு ஆண்டு அணியின் நட்சத்திரக் கேட்ச்சர் பஸ்டர் போஸி ஓய்வுபெற்றிருந்தார். கேப்லர் அதே வழியில்தான் நடத்தினார், கிடைத்தது 81 வெற்றி, 81 தோல்வி. பெஞ்ச் நட்சத்திரத்துக்கு மாற்று என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும். பணத்தைத் தொடக்க ஒன்பது பேரில் போடுங்கள் என்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ராபர்ட்ஸும் உர்ஷேலாவும் ஸ்டெயர்ஸும் வந்த விலையைப் பார்த்தால், பெஞ்சுக்குத் தேவைப்படுவது பணத்தைவிடக் கவனம்தான் என்று தெரியும்.

வேறுபாட்டுக்கும் ஓர் அளவு உண்டு. ஓக்லாந்து ஏ'ஸ் உரிமையாளர் சார்லி ஃபின்லி 1974-இல் ஹெர்ப் வாஷிங்டன் என்ற தடகள வீரரை ஓடுவதற்கென்றே அமர்த்தினார். 105 ஆட்டங்களில் அவர் ஒரு முறையும் மட்டை பிடிக்கவில்லை. 48 முயற்சிகளில் 31 பேஸ் திருடினார், அந்த விகிதத்தில் லாபமென்று சொல்ல ஒன்றுமில்லை. உலகத் தொடரில் முதல் பேஸிலேயே அகப்பட்டும் போனார். ஆறு மாதம் ஒரு முழு இருக்கையை அடைத்துக்கொண்டு, பேஸ்பால் ஓட்டமே பழகாத ஒருவரை வைத்திருந்தது வீண். டெரன்ஸ் கோரும் கிட்டத்தட்ட ஓட்டத்துக்காகவே இருந்தவர்தான், வாழ்நாளில் எடுத்த ஹிட்டுகளைவிடத் திருடிய பேஸ்கள் அதிகம். ஆனால் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 2014-இல் அவரை மைனர் லீகில் ஆடவிட்டு, ஆகஸ்ட் கடைசியில்தான் மேலே அழைத்தது. அக்டோபரில் இடையிடையே ஓய்வு நாட்கள் வருவதால் பிட்ச்சர்களில் ஒருவரைக் குறைக்க முடியும், பெஞ்சுக்கு ஐந்தாவது இருக்கை கிடைக்கும். அதில் யாரை உட்கார வைக்கலாம் என்ற பேச்சை ஜூலைக் கடைசியிலேயே முடித்துவிடுவது நல்லது. ஆகஸ்ட் 31-க்குள் அணியின் அமைப்புக்குள் வந்து சேராதவர் அக்டோபரில் ஆட முடியாது.