யாருடைய அந்தக் காலம்?

வட்ட ஹெட்லைட், குரோம் விளிம்பு, காலை முன்னே நீட்டிக்கொள்ள இடம். 'அந்தக் காலத்து லுக்' என்று சொல்லித்தான் இந்த மேக்ஸி ஸ்கூட்டரை எங்களுக்கு விற்றார்கள். அந்தக் காலத்தில், காபித் தோட்டக் கூலிக்கு மலையேறுமுன், அப்பா தன் சமவெளி ஊரின் தெருக்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார். ஏறி மிதிக்கக் கூடாது.

கரடியூரிலிருந்து சேலத்துக்கு வேலைக்குப் போய்வருகிறோம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கியர் இல்லாத கனமான வண்டி. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சூடேறிவிடும், விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். அஞ்சு ரோடு சிக்னலில் நின்றால் எந்தத் தெரு என்று எவரும் கேட்பதில்லை. நகரத்தில் எங்களுக்குப் பிடித்ததே அதுதான்.

பட்டியலின, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வெளிப்படையாகவே சேர்த்தார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. சைக்கிளுக்குக்கூடச் சட்டம் எழுத வேண்டியிருந்த நாடு! அதன் பிறகும், 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காக என்றது குடும்பம்.

சித்திரையில் அப்பாவின் ஊருக்கு இந்த வண்டியில்தான் போகிறோம். பின்சீட்டில் அப்பா. தெருமுனையில் இறங்கமாட்டோம்.