மெதுவாகச் சுழலும் இயந்திரம்

மணலில் இழுத்து ஏற்றப்படும் மீன்பிடிப் படகுகளுக்கு மெருகு என்பது ஒரு கவலையே அல்ல. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு நமது கரையோரமெங்கும் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவுக்குப் பிடித்துக்கொண்ட பைபர் படகுகளின் அடிப்புறத்தைக் கடற்கரையே நாள்தோறும் தேய்த்துவிடுகிறபடியால், அவற்றின் சொந்தக்காரர்கள் பளபளப்பைப் பற்றி யோசிப்பதுமில்லை, யோசிக்க அவகாசமும் இல்லை. பாய்மரப் படகும் உல்லாசப் படகும் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த விசாரம். சில கோடைகளைத் துறைமுக வெயிலில் கழித்துவிட்ட படகின் விலாவைத் தடவிப் பார்த்து, உள்ளங்கையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருப்பதைக் கண்டதும், "என்ன மெஷின் வாங்கலாம், எத்தனை வாட்ஸ் இருக்கணும்?" என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். வாட்ஸ் கணக்கில் எனக்கு அத்தனை மதிப்புக் கிடையாது.

பைபர் படகின் மேல்தோலாகிய ஜெல்கோட் என்பது சாயம் கலந்த பாலியெஸ்டர் பிசின். அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அந்தப் பிசினைச் சிறுகச் சிறுகச் சிதைக்க, பிடிப்பை இழந்த சாயப்பொடி மேலே தங்கி நிற்பதே நாம் காணும் அந்தத் தூள். மோட்டார் காரின் மேற்பூச்சு ஜெல்கோட்டின் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே என்பதால், கார்க்காரரைவிடப் படகுக்காரருக்குத் தாராளம் அதிகம் என்று சொல்லலாம். ஆனால் தேய்த்தெடுத்தது தேய்த்தெடுத்ததுதான், திரும்ப வளர்வதில்லை. ஆகையால் இயந்திரத்தைத் தேடுமுன் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து விலாவில் வீசிப் பார்ப்பது உத்தமம். நனைந்த இடத்தில் பழைய நிறம் மீண்டு தெரிந்தால், கேடு மேலோடு நிற்கிறது, காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையும் பாலிஷரும் போதும் என்று கொள்ளலாம். நனைந்தும் மங்கலாகவே இருந்தால், முதலில் 800, 1000 நம்பர் வாட்டர் பேப்பர்களால் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் எந்த இயந்திரத்தாலும் பிரயோஜனமில்லை.

பட்டறைகளில் சர்வ சாதாரணமாகக் கிடக்கும் நாலங்குல கிரைண்டரில் ஒரு பேடை மாட்டிக்கொண்டு வேலையை முடித்துவிடலாம் என்று நினைப்பவர் பலர். அது நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றுவது. இரும்பை அறுக்கப் பிறந்தது. பாலியெஸ்டர் பிசின் உருகி வழியும் ஜாதி அல்ல, சூடு மிஞ்சினால் கருகி மஞ்சளாகும் ஜாதி. கிரைண்டரைப் பற்றி இதற்குமேல் எழுத வேண்டியதில்லை.

ஏழங்குல ரோட்டரி பாலிஷர்களில் வேகத்தை 600 முதல் 3,000 சுற்று வரை வைத்துக்கொள்ளலாம். வூல் பேடும் காம்பவுண்டுமாக முதல் சுற்றுத் தேய்க்கையில் நான் 1,500க்கு மேலே போவது அபூர்வம். இங்கேதான் விலை குறைந்த இயந்திரத்தின் சுபாவம் வெளிப்படும். அந்தரத்தில் பிடித்திருக்கும்போது 1,000 சுற்றில் அடக்கமாக ஓடுகிற அது, கையின் பாரம் ஏறியவுடன் திணறி நின்றுவிட, வேலையாள் பொறுமையிழந்து வேகத்தை இரட்டிப்பாக்க, பிறகு கை சற்றே தளர்ந்த கணத்தில் அது துள்ளிப் பாய்ந்து காம்பவுண்டை முகத்தில் தெளித்து, நின்ற இடத்தைச் சூடாக்கிவிடும். பாரம் ஏறினாலும் வைத்த வேகத்தை விடாமல் காக்கும் ஒழுங்கமைப்பு உள்ளே இருக்கிறதா என்பதே நான் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி. பதிலை நம்புவதைவிட, ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, மிகக் குறைந்த வேகத்தில் அழுத்திப் பார்த்து, சத்தம் இறங்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்பது மேல்.

சுழற்சியோடு ஊசலாட்டமும் சேர்ந்த டூயல் ஆக்ஷன் பாலிஷரைச் சிலர் சர்வரோக நிவாரணியாகப் புகழ்கிறார்கள். அது எளிதில் சுடாது. புதிதாக வந்த பையன் கையில் தைரியமாகக் கொடுக்கலாம். ஆயினும் நன்றாக வெளுத்துப்போன ஜெல்கோட்டில் அதன் வேலை நத்தை வேகம். போதாக்குறைக்கு, அணியத்தை நோக்கி வளையும் இடங்களில் பேடின் ஒரு விளிம்பு மட்டும் அழுந்த, சுழற்சி நின்றுபோய் வெறும் நடுக்கமே மிஞ்சும். சத்தம் மாறாததால் இது காதுக்குத் தெரியாது. பேடைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புக் கோடு இழுத்துவிட்டால், கோடு சுற்றுகிறதா, நின்ற இடத்திலேயே அதிர்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த இயந்திரத்தின் உண்மையான மகிமை முடிப்பு வேலையில் இருக்கிறது. கருநீலப் படகில் ரோட்டரி விட்டுச்சென்ற வட்டக் கீறல்கள் மாலை வெயிலில் பல்லிளிக்கும். ஃபோம் பேடோடு டூயல் ஆக்ஷன் போய்வந்த பிறகே அவை மறையும். வெள்ளைப் படகுக்கு ரோட்டரி ஒன்றே போதும் என்பதும், கருநிறப் படகுக்கு இரண்டும் வேண்டும் என்பதும், வருஷந்தோறும் தவறாமல் மெழுகு பூசிக் காக்கும் படகுக்கு டூயல் ஆக்ஷனே தாராளம் என்பதும் என் அபிப்பிராயம்.

எடையை அலட்சியம் செய்யலாகாது. கார் பானட்டின் மேல் இயந்திரம் தன் பாரத்தாலேயே அமர்ந்துவிடும். படகின் விலாவிலோ அதை நாள் முழுதும் பக்கவாட்டில் ஏந்தி நிற்க வேண்டும், இரண்டு கிலோவுக்கும் மூன்று கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோள்பட்டை மத்தியானத்துக்குள் சொல்லிவிடும். பேட்டரியில் ஓடுவது மூலை முடுக்குகளுக்குச் சௌகரியம், முழு விலாவுக்குத் தாங்காது. வயர் இழுத்து ஓட்டுவதானால், ஈரமும் உப்பும் நிறைந்த அந்த இடத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்ச் இல்லாமல் நான் இயந்திரத்தைத் தொடுவதில்லை.

விளிம்புகளில் ஜெல்கோட் மெலிந்திருப்பது சகஜம். ஆதலால் பேடின் சுழற்சி படகின் உடலிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி வெளியேறுமாறு இயந்திரத்தைச் சாய்க்க வேண்டும்; எதிர்த்திசையில் விளிம்பை வெட்டிக்கொண்டு ஏறினால் ஒரு நொடியில் அடியிலுள்ள நார் தெரியும். சந்தேகமுள்ள இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, அந்த அரை அங்குலத்தைப் பிறகு கையால் தேய்த்துக்கொள்வேன்.

விலையுயர்ந்த இயந்திரத்தை வாங்கிக் கையிருப்பைத் தீர்த்துவிட்டு, ஒரே ஒரு வூல் பேடோடு வந்து நிற்பவர்களும் உண்டு. வெளுத்த ஜெல்கோட்டின் தூளும் காம்பவுண்டும் சேர்ந்து ரோமத்தில் அப்பிக் கட்டியாகிவிட்டால் பேட் அறுப்பதை விட்டுவிட்டு வெறுமனே சூடுபடுத்த ஆரம்பிக்கும். இரண்டு மூன்று சதுர அடிக்கு ஒரு முறை நிறுத்தி உதறிச் சுத்தம் செய்தாலும், ஒரு விலா முடிவதற்குள் அதைக் கழற்றிக் கழுவிக் காயப்போட நேரிடும். ஈர பேட் காய்வதற்குள் வெயில் ஏறி, படகு கை வைக்க முடியாதபடி கொதித்துப்போய், பூசிய காம்பவுண்ட் தேய்க்குமுன்பே உலர்ந்துவிடுகிற நம் ஊர்க் காலை வேளையில், மாற்றிப்போட நாலைந்து பேடாவது கைவசம் வேண்டும்.