விதியா? வரியா?

“முதியோருக்கு உதவ வேண்டியதுதான், மறுப்பவர் யார்? ஆனால், கருவூலத்தில் ஏது அவ்வளவு பணம்?” என்று எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டவர் கல்நெஞ்சர் அல்லர், கணக்கறிந்தவர். ஆகவே, கணக்கினாலேயே விடை தேடினேன். நான் புரட்டிய ஏடு இங்கிலாந்து நாட்டு வரலாறு.

அந்நாட்டில் முன்பு, உழைத்து ஓய்ந்த ஏழைக்கு வழிகள் சிலவே. ஒன்று, பிள்ளைகளின் தயவு. மற்றொன்று, ஆணையும் பெண்ணையும் தனித்தனியே அடைத்து வைத்த ஏழையர் விடுதி. முதுமையில் வறுமை ‘தலையெழுத்து’ என்பர் இங்கே. ‘சேமிக்காதவன் செய்த வினை’ என்றனர் அங்கே. சொல் வேறு, பொருள் ஒன்றே. சமூகத்துக்குப் பொறுப்பில்லையாம்! லண்டன் ஏழையரின் வாழ்வைத் தெருத்தெருவாக ஆராய்ந்த சார்லஸ் பூத், முதுமையே வறுமைக்குக் காரணமாவதைக் காட்டினார். ஆராய்ச்சி வந்தது, தலையெழுத்து தள்ளாடிற்று.

1908இல் சட்டம் பிறந்தது. எழுபது வயதான ஏழைக்கு வாரம் 5 ஷில்லிங். 1909 ஜனவரி முதல் நாள் தொட்டு அஞ்சலகத்திலேயே பெறலாம். ஜெர்மனி 1889இல் செய்த சட்டமோ தொழிலாளியிடமும் முதலாளியிடமும் சந்தா கேட்டது. “இங்கு மட்டும் சந்தா இல்லாமலா?” என்று சீறினர் செல்வர். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தந்த விடை கூர்மையானது. தேயிலைக்கும் சர்க்கரைக்கும் வரி கட்டுகிறவன் ஏழை. அவன் ஏற்கெனவே செலுத்திவிட்டான் என்றார் அவர்.

பணம்? 1909ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதற்கும் வழி கண்டார். பெருவருமானத்துக்கு மேல்வரி, இறந்தவர் விட்டுச்சென்ற பெருஞ்சொத்துக்குக் கூடுதல் வரி, உழைக்காமலே விலை ஏறும் நிலத்துக்கும் வரி. போர்க்கப்பல் செலவும் அதில் இருந்தது. அதனைப் பிரபுக்கள் வெறுக்கவில்லை. நிலத்தைத் தொட்டதும் கொதித்தனர்! 350க்கு 75 என்ற வாக்கில் திட்டத்தைத் தள்ளினர். மக்களிடம் சென்றது வழக்கு. 1910இல் இரண்டு பொதுத்தேர்தல்கள், திட்டம் நிறைவேறிற்று. 1911ஆம் ஆண்டுச் சட்டம், நிதி மசோதாவைத் தடுக்கும் அதிகாரத்தைப் பிரபுக்கள் சபையிடமிருந்து பறித்தது.

குறையற்ற சட்டமா அது? அன்று. எழுபதை எட்டுமுன்பே மாண்டவர் பலர். ஏழையர் நிவாரணம் பெற்றோரைத் தொடக்கத்தில் ஒதுக்கினர். 1925இல் சந்தா முறையும் புகுந்தது. ஆயினும், முதுமைக்கு உணவளிப்பது தருமமன்று, உரிமை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

எனக்கேன் இந்த அக்கறை? நான் மாதச் சம்பளக்காரன். ஓய்வூதியத்துக்கென என் ஊதியத்தில் பிடித்தம் செய்கின்றனர்; பட்டியலில் அது பதிவாகிறது. என் பாட்டியோ ஐம்பது ஆண்டுக்காலம் நாற்று நட்டவர், களை பறித்தவர். அவர் உழைப்பை எந்தப் பதிவேடும் குறிக்கவில்லை. சந்தா செலுத்தியவருக்கே ஓய்வூதியம் என்றால், எனக்கு உண்டு. எனக்குச் சோறிட்டவருக்கு இல்லை! இது நீதியா?

சென்னை மாநிலத்தில் 1962இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகையின் வழிவந்த தொகையைத்தான் இன்று பாட்டி பெறுகிறார். அது வரிப்பணம். சிலர் அதை ‘இலவசம்’ என்கின்றனர். அவர் வாங்கிய சோப்புக்கும் செருப்புக்கும் வரி கொடுத்தாரே, அது என்னவாம்?

இளைஞர்களே! வரவும் செலவும் பாராமல் வாரி வழங்குக என்று நான் கூறவில்லை. இன்று வாக்களித்துவிட்டு, நாளை வழங்க இயலாமல் கைவிரிப்பது முதியோருக்கு இழைக்கும் துரோகம். கணக்குப் பார்ப்போம், முழுக் கணக்கும் பார்ப்போம். கொடுப்பது எவ்வளவு என்பதோடு, கொடுக்க வல்லவர் யார், கொடாமல் நழுவுபவர் யார் என்பதையும் எழுதுவோம். விதி எழுதியவன் எவனென்று யாரும் கண்டதில்லை. வரி எழுதுவோரை நாம் அறிவோம். அவர்களைத் தேர்ந்தெடுப்பவர் நாமே.